பல்லை வெள்ளையாக்குவதற்கு முன்னால்

சென்னையில் முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது பல் கிளினிக்குகளில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும்: "டாக்டர், பல்லு மஞ்சளா இருக்கு, கல்யாணத்துக்குள்ள வெள்ளையாக்கிடலாமா?" முடியும் என்றோ முடியாது என்றோ எடுத்த எடுப்பில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி மஞ்சளாக இருக்கும் மூன்று பேரில், ஒருவருக்கு அரை மணி நேர கிளீனிங் போதும். இன்னொருவருக்கு எத்தனை தடவை கிளீனிங் செய்தாலும் நிறம் அப்படியே இருக்கும். மூன்றாவது ஒருவருக்கு எதுவுமே செய்யத் தேவையில்லை, ஏனென்றால் அவருடைய பல்லின் இயல்பான நிறமே அதுதான்.

அந்த மூன்றாவது ஆளிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.

பல்லின் வெளிப்பகுதி எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்புகள். அதற்கு உள்ளே டென்டின் என்கிற அடுக்கு. அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழ். எனாமல் முழுக்க வெள்ளை நிறம் கொண்டதல்ல. ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. டென்டினோ இயற்கையிலேயே மஞ்சள். மஞ்சள் சுவருக்கு முன்னால் பனி படர்ந்த கண்ணாடியை வைத்தது போல, உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே மெல்லத் தெரியும். அதனால் ஆரோக்கியமான பல் லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாகத்தான் இருக்கும். கோரைப்பல் பக்கத்துப் பற்களைவிடக் கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத் தெரிவதும் இயல்பு. எனாமல் கனமாக அமைந்தவருக்குப் பல் வெளுப்பாகவும், மெல்லியதாக அமைந்தவருக்கு மஞ்சளாகவும் தெரியும். தோலின் நிறம் ஆளுக்கு ஆள் மாறுகிறதே, அது மாதிரிதான் இதுவும். நோய் கிடையாது.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் அம்மாக்கள் பதறிப்போய் வருவது இதே காரணத்தால்தான். பால் பற்கள் பால் மாதிரியே வெளுப்பாக இருக்கும். அவை விழுந்து, பக்கத்தில் புதிதாக நிரந்தரப் பல் முளைக்கும்போது அது சட்டென்று மஞ்சளாகத் தெரியும். "இப்போதான் முளைச்சுது, அதுக்குள்ள மஞ்சளாயிடுச்சே" என்று பிள்ளையைத் திட்டி, பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்க வைக்கிறார்கள். பாவம், அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. நிரந்தரப் பல்லின் நிறமே அதுதான். எல்லாப் பால் பற்களும் விழுந்து முடிந்ததும், ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளைப் பல் பக்கத்தில் இல்லாததால், அந்த மஞ்சள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

சரி, இயல்பான நிறத்தை ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, பல்லின் மேல் வெளியிலிருந்து படிந்த கறை. இன்னொன்று, பல்லுக்கு உள்ளேயே ஏற்பட்ட நிற மாற்றம்.

வெளியிலிருந்து படிவது

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அது பல்லைப் பாதுகாக்கும் நல்ல படலம்தான். ஆனால் நாம் சாப்பிடும், குடிக்கும் பொருட்களின் நிறம் ஒட்டிக்கொள்வதும் இந்தப் படலத்தில்தான்.

டீயில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. கறைக்கு முக்கியக் காரணம் அது. காபியிலும் நிறமிகள் உண்டு என்றாலும், கறை விஷயத்தில் டீதான் பெரும்பாலும் ஒரு படி மேலே. ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு நல்லது இருக்கிறது: நாம் பால் விட்டுக் குடிக்கிறோம். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் டேனினைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பால் டீ பல்லில் கறை ஏற்றுவது பால் விடாத கட்டன் டீயைவிடக் குறைவு. ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் உடம்புக்கு நல்லது என்று பால் டீயை விட்டுவிட்டு லெமன் டீக்கும் கிரீன் டீக்கும் மாறியிருக்கிறார்கள். பல்லைப் பொறுத்தவரை லெமன் டீ இரட்டை அடி. எலுமிச்சையின் அமிலம் எனாமலின் மேற்பரப்பை மென்மையாக்கும். டேனின் அங்கேயே கறை ஏற்றும். அதிலும் ஒரே மூச்சில் குடிக்காமல், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால், பல் அந்த ஒரு மணி நேரமும் அதில் ஊறுகிறது என்று அர்த்தம். எத்தனை கப் குடிக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் குடிக்கிறீர்கள் என்பது முக்கியம்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட், பீடி, மாவா, குட்கா. இவை தரும் கறை பழுப்பில் ஆரம்பித்துக் கறுப்பு வரை போகும். இதில் எனக்குக் கறை பெரிய கவலையே இல்லை. சுரண்டினால் போய்விடும். கவலை வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கை நாள் கணக்கில் வாயில் அடக்குபவர்களுக்குக் கன்னத்தின் உட்பகுதி இறுகி, வாயைத் திறக்கும் அளவே குறைந்துகொண்டு வரும். கறையை எடுக்க வருபவரின் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், அன்றைக்குப் பேச வேண்டியது பல்லின் நிறத்தைப் பற்றி அல்ல. இந்தப் பழக்கம் உள்ள அப்பா, மாமா, தாத்தா யாராவது வீட்டில் இருந்தால், கறையைச் சாக்காக வைத்தாவது பல் மருத்துவரிடம் ஒரு முறை அழைத்துப் போங்கள்.

மருந்துகளும் கறை ஏற்றும். ஈறு நோய்க்குக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மருத்துவர் சொன்ன ஒன்றிரண்டு வாரத்தைத் தாண்டி, நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லும் நாக்கும் பழுப்பாகும். டீ, காபி அதிகம் குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து டானிக் கறுப்புக் கறை ஏற்றும். அதற்காக டானிக்கை நிறுத்திவிடக் கூடாது. நாக்கின் பின்பக்கமாக ஊற்றி, உடனே தண்ணீர் கொடுத்தால் போதும். சில குழந்தைகளுக்கு ஈறை ஒட்டிக் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு வரும். நிறத்தை உண்டாக்கும் ஒருவகை பாக்டீரியாக்களின் வேலை அது. கிளீனிங் செய்தாலும் திரும்ப வரும், வயது ஏற ஏறக் குறையும். பார்க்கத்தான் பயமாக இருக்கும். அது சொத்தை இல்லை.

அடுத்தது காரை. பல்லில் படியும் பாக்டீரியாப் படலத்தைச் சரியாகத் துலக்கி எடுக்காமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி அது கல்லாகிவிடும். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அது பெரும்பாலும் காரைதான். ஆரம்பத்தில் மஞ்சள், நாளாக நாளாகப் பழுப்பு. போர் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் பல்லில் காரை பிடிக்கிறது என்று சென்னையில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். குழாயிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்ப்பதால் வரும் நம்பிக்கை அது. ஆனால் பல் காரைக்கான தாதுக்கள் நம் உமிழ்நீரிலிருந்தே வருகின்றன. கேன் தண்ணீர் மட்டும் குடிப்பவர்களுக்கும் காரை பிடிக்கும்.

காரையை எந்தப் பேஸ்ட்டாலும் எடுக்க முடியாது. ஸ்கேலிங் ஒன்றுதான் வழி. நாம் கிளீனிங் என்று சொல்வதும் அதைத்தான். விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் ஒரு மெல்லிய முனை, தண்ணீரைத் தெளித்தபடியே காரையை உடைத்து உதிர்க்கும். அது பல்லைச் சீவுவதோ அறுப்பதோ கிடையாது.

கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்ற பயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஒரு பயத்தால் பல்லையே இழந்தவர்கள் நிறையப் பேர். காரை ஈறுக்கு அடியில் போய்ப் பல வருடம் உட்கார்ந்திருந்தால், பல்லைத் தாங்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரையும். எலும்பு கரைந்த பிறகும் பல் ஆடாமல் நிற்பதற்குச் சில நேரம் அந்தக் காரையே காரணம். பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சிமெண்ட் பூசியது போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கனவே பலவீனமாகிப்போன பல் லேசாக ஆடுவது தெரிகிறது. காரை அடைத்திருந்த இடைவெளியும் தெரிகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். இதையெல்லாம் பார்த்து, "கிளீனிங் பண்ணினதாலதான் கெட்டுப்போச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்ல, அவர்களும் வராமல் இருந்துவிடுகிறார்கள். கெடுத்தது காரை. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, ஈறின் நிலையைப் பொறுத்து, காரையை எடுத்துக்கொண்டே வந்தால் அந்த இடைவெளியும் ஆட்டமும் பெரும்பாலும் வராது.

மஞ்சளாக இருக்கிறது என்று வருபவர்களில் கணிசமானவர்களுக்குக் கிளீனிங்கும், அதற்குப் பிறகு செய்யும் பாலிஷும் போதுமானவை. அதனால் வெள்ளையாக்கும் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன், முதலில் கிளீனிங் செய்து, பல்லின் உண்மையான நிறத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உள்ளே இருந்து வருவது

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்த சிலரின் முன்பற்களில் சுண்ணாம்புத் திட்டு போல வெள்ளைக் கோடுகளோ, பழுப்புப் பட்டைகளோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பல் துலக்காதவர்கள் இல்லை. அது ஃபுளோரோசிஸ்.

அந்தப் பகுதிகளில் பல இடங்களில் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை போகலாம் என்றும் சொல்கிறது. இந்த அளவைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் சரியாக முற்றாமல், நுண்ணிய துளைகளோடு அமைந்துவிடும். பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோடு வரும்; பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகும்.

இதில் கவனிக்க வேண்டியது வயது. பிறந்ததிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரைதான் பல்லுக்கு இந்த ஆபத்து, ஏனென்றால் எனாமல் உருவாவது அந்தக் காலத்தில்தான். இருபது வயதில் சென்னைக்கு வந்து நல்ல தண்ணீர் குடித்தாலும் பழைய பட்டை அழியாது. அதே சமயம், அவருக்குச் சென்னையில் பிறந்து ஏரித் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைக்கு அந்தப் பட்டை வராது. இது பரம்பரையாக வருவதில்லை. அப்பாவின் பல்லைப் பார்த்துப் பெண் கொடுக்கத் தயங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கவே பல வருடங்கள் ஆயின. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலரின் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைக் கவனித்தார். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டவருக்கு, 1931-இல் எச்.வி. சர்ச்சில் என்ற வேதியியலாளர் செய்த தண்ணீர்ப் பரிசோதனைதான் விடை தந்தது: ஃபுளோரைடு. கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் மெக்கே கவனித்திருந்தார். இன்று நம் பேஸ்ட்டில் அளவோடு ஃபுளோரைடு சேர்ப்பதன் வேர் அங்கே இருக்கிறது. நம் மாநிலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு ஃபுளோரோசிஸைக் குறைப்பதும் ஒரு முக்கிய நோக்கம். அந்தப் பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடைப் பெருமளவு எடுத்துவிடும்.

டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளைக் கர்ப்பத்தின் பிற்பாதியிலோ, எட்டு வயதுக்குள்ளோ கொடுத்தால், வளரும் பல்லோடு அந்த மருந்து சேர்ந்துகொண்டு மஞ்சள், சாம்பல், பழுப்புப் பட்டைகளை உண்டாக்கும். இப்போது மருத்துவர்கள் அந்த வயதில் அதைத் தவிர்க்கிறார்கள். கடையில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறினால் கதை வேறு. சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டிருக்கும், மாடிப்படியில் விழுந்திருப்பார்கள். அப்போது வலி சரியாகி மறந்தே போயிருக்கும். உள்ளே பல்கூழ் செத்து, அதன் சிதைவுப் பொருட்கள் டென்டினில் ஊறி, பல வருடம் கழித்துக்கூட நிறம் மாறும். வலி இல்லாததால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேர் நுனியில் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு பல் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இன்னும் சீக்கிரம் போங்கள், உள்ளிருந்து பல் கரைந்துகொண்டிருக்கலாம்.

வயதாவதும் ஒரு காரணம். ஆண்டுகள் செல்லச் செல்ல எனாமல் தேய்கிறது, டென்டின் கனமாகிறது. பாட்டியின் பல் மஞ்சளாக இருப்பது இதனால்தான். ஆனால் முப்பது வயதுக்குள்ளேயே இந்த நிலைக்கு வருபவர்கள் அதிகமாகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். காரணம் அமிலம். அமிலத்தின் கடுமையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கூல் டிரிங்க்ஸ், சோடா, எலுமிச்சை ஜூஸ் எல்லாமே அதைவிட மிகக் கீழே. மே மாத வெயிலில் நாக்கு வறண்டு, உமிழ்நீர் குறைந்திருக்கும் நேரத்தில், இதைத் திரும்பத் திரும்பக் குடிக்கும்போது பல்லுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. அடிக்கடி நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு வயிற்று அமிலம் மேலேறி முன்பற்களின் உட்புறத்தைக் கரைக்கும். அவர்கள் முதலில் வயிற்றுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். போன எனாமல் திரும்ப வளராது.

சொத்தையைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். பழுப்பு, கறுப்பு எல்லாமே கறை என்று நினைத்துவிட வேண்டாம். ஈறுக்குப் பக்கத்தில் மங்கிய வெள்ளைக் கோடாகத்தான் சொத்தை பெரும்பாலும் ஆரம்பிக்கும். ராத்திரி பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைகளின் மேல் முன்பற்களில் இதைப் பார்க்கலாம். அந்த நிலையிலேயே கண்டுபிடித்தால் ஃபுளோரைடு பூச்சு கொண்டே தடுக்க முடியும். பழுப்பாகி, குழி விழுந்த பிறகு அடைக்கத்தான் வேண்டும்.

வீட்டு வைத்தியம்

கரித்தூள், உப்பு, செங்கல் பொடி, சாம்பல், பேக்கிங் சோடாவில் எலுமிச்சை பிழிந்து தேய்ப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. இப்போது வீடியோக்கள் வழியாகக் கரி மறுபடியும் வந்திருக்கிறது, இம்முறை அழகான டப்பாவில்.

இவற்றால் பல் வெளுப்பது போலத் தெரிவது பொய்யில்லை. சொரசொரப்பான எதைத் தேய்த்தாலும் மேலே உள்ள கறை போகும். சிக்கல் என்னவென்றால் கறையோடு எனாமலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எனாமல் மெலிந்தால் என்ன ஆகும்? உள்ளே உள்ள மஞ்சள் டென்டின் இன்னும் நன்றாகத் தெரியும். வெள்ளையாக வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்தே மஞ்சளை வரவழைத்தவர்கள் இருக்கிறார்கள். மேலும் தேய்ப்பார்கள், மேலும் மஞ்சளாகும், கூடவே குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். எலுமிச்சை இன்னும் மோசம், அதன் பி.எச். 2-க்குப் பக்கம். அமிலத்தால் மென்மையான எனாமலை அப்போதே தேய்ப்பது என்பது, இருப்பதை வழித்து எடுப்பதற்குச் சமம். எனக்கு இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லை: எலுமிச்சையைப் பல்லில் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

பல்பொடியால் துலக்கியே பழகியவர்கள் நைசான பொடியாகப் பார்த்து, விரலால் அழுத்தாமல் துலக்கலாம். ஆனால் அதில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது. தேய்த்ததும் கிறுகிறுப்பாகவோ சுறுசுறுப்பாகவோ இருக்கிற பொடி எதையும் வாங்காதீர்கள். வொயிட்னிங் என்று போட்டிருக்கும் பேஸ்ட்டுகள் மேற்பரப்புக் கறையை மட்டும் குறைக்கும். சிலவற்றில் உள்ள நீல நிறமி மஞ்சளைக் கொஞ்ச நேரம் மறைத்துக் காட்டும். பல்லுக்கு உள்ளே உள்ள நிறத்தை அவை தொடாது.

பிளீச்சிங்கும் மற்றவையும்

உள்ளே உள்ள நிறத்தை மாற்றுவது பிளீச்சிங். ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது கார்பமைடு பெராக்சைடு ஜெல் எனாமல் வழியாக ஊடுருவிப் போய், நிறம் தரும் மூலக்கூறுகளை உடைத்து நிறமற்றதாக்கும். இதில் தேய்ப்பே கிடையாது. கிளினிக்கில் செய்வதில் செறிவு அதிகம். ஈறுக்குப் பாதுகாப்புப் பூச்சு போட்டு, ஒரு மணி நேரம் போலச் செய்வார்கள். வீட்டில் செய்வதற்கு, உங்கள் பல்வரிசையின் அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல் போன்ற ஒன்றைக் கொடுப்பார்கள். இரவில் போட்டுக்கொண்டு சில வாரங்கள். மெதுவான இந்த வழியைத்தான் நான் விரும்புவேன். கூச்சம் குறைவாக இருக்கும், எந்த நிறத்தில் நிறுத்தலாம் என்பதும் நம் கையில் இருக்கும். கல்யாணத்துக்கு என்றால் இரண்டு மாதம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. முந்தின வாரம் வந்தால் பல் கூச்சத்தோடு மண்டபத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

மஞ்சள் சார்ந்த நிறம் நன்றாக வெளுக்கும். சாம்பல் சார்ந்தது அவ்வளவாக வெளுக்காது. டெட்ராசைக்ளின் பட்டைகளுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஃபில்லிங்கும் கேப்பும் பிளீச்சிங்கில் மாறாது. முன்பல்லில் பழைய ஃபில்லிங் இருப்பவர், பிளீச்சிங் முடிந்தபின் அதை மட்டும் புதிய நிறத்துக்கு மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெளுப்பு நிரந்தரமும் இல்லை. ஒன்றிரண்டு வருடத்தில், பழக்கத்தைப் பொறுத்து, மறுபடி மங்கும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். பதினெட்டு வயதுக்குள் பொதுவாக வேண்டாம். சொத்தையோ ஈறு நோயோ இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான். பியூட்டி பார்லரில் செய்துகொள்வது பற்றிக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே சொத்தையையும் ஈறையும் பார்த்துச் சொல்ல யாரும் கிடையாது.

அடிபட்டுக் கறுத்த ஒற்றைப் பல்லுக்கு, முதலில் ரூட் கனால் செய்து, பிறகு பல்லின் உள்ளேயே பிளீச்சிங் மருந்தை வைத்து மூடி, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அழகாக நிறம் திரும்பும். கேப் போடாமலே தப்பிக்கலாம். ஃபுளோரோசிஸின் லேசான திட்டுகளுக்கு எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லிய அளவில் மெருகேற்றும் முறையும், திட்டுக்குள் ரெசின் இறக்கும் முறையும் உண்டு. ஆழமான பழுப்புப் பட்டைகளுக்குப் பல் நிற ஃபில்லிங் பூச்சு, பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடான வெனீர், கடைசியாகக் கேப். வெனீருக்கும் கேப்புக்கும் பெரும்பாலும் பல்லைச் சீவ வேண்டியிருக்கும், சீவியது திரும்ப வராது. இருபத்திரண்டு வயதில், நல்ல பல்லை, கொஞ்சம் மஞ்சள் என்பதற்காகச் சீவிக்கொள்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. வெனீரைப் பத்து, பதினைந்து வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். ஆயுள் முழுக்க அந்தச் செலவு கூடவே வரும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் கொஞ்சம் சீக்கிரம் போய் வரிசையில் நின்றால், பரிசோதனையும் கிளீனிங்கும் அங்கேயே முடியும். நகரைச் சுற்றியுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் வேலை நிதானமாக நடக்கும்.

வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சாஃப்ட் பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். இரவு துலக்குவதுதான் நம் வீடுகளில் விட்டுப்போகிறது. டீ, காபி குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளியுங்கள். புளிப்பான எதையாவது சாப்பிட்டிருந்தால் உடனே துலக்காமல் அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குங்கள். குழந்தைகளுக்கு மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்கிக் கொடுத்தால், இனிப்பாக இருக்கிறதென்று பிள்ளை விழுங்கிவிடும். தினமும் விழுங்கினால் சென்னையில் வளரும் குழந்தைக்கும் லேசான ஃபுளோரோசிஸ் வரலாம். துப்பத் தெரியும் வரை பக்கத்தில் நின்று நீங்களே துலக்கிவிடுங்கள்.